காலில் குத்துவது நெருஞ்சியா, புல்லா?

கேள்வி: நிலாவெளியில் எங்கள் வளவு முழுக்க மணல். மாரி முடிந்ததிலிருந்து சாரத்திலும் பிள்ளைகளின் காலிலும் சின்னச் சின்ன முட்காய்கள் ஏறுகின்றன. நெருஞ்சி என்கிறார்கள் அயலவர்கள். மஞ்சள் பூ எதையும் காணவில்லை, புல்தான் நிற்கிறது. கதிரில் வரிசையாகக் காய் பிடித்திருக்கிறது. இது என்ன? ஆட்டுக்குப் போடலாமா?

பதில்: பூவைத் தேடிப் பார்த்தீர்களே, பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. நெருஞ்சி நிலத்தோடு படரும் பூண்டு; புல் இனமே அல்ல. அதன் காய் முற்றியதும் ஐந்து துண்டாகப் பிரியும், ஒவ்வொன்றிலும் நீள முள் இரண்டும் கட்டை முள் இரண்டும் இருக்கும். கதிரில் வரிசையாகக் காய்ப்பது அதன் வழக்கமல்ல.

உங்கள் வளவில் நிற்பது சென்கிரஸ் எக்கினேட்டஸ் என்ற முள்ளுப்புல்லாக இருக்க வேண்டும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து, வெறும் மணல் கண்ட இடமெல்லாம் குடியேறிய களை. உறுதிப்படுத்த, ஒரு காயைக் குறட்டால் பிடித்து வெள்ளைக் கோப்பையில் வைத்து, கைபேசிக் கமராவில் பெருப்பித்துப் பாருங்கள். 5 முதல் 10 மில்லிமீற்றர் நீளம் இருக்கும். பார்க்க வேண்டியது முள்ளின் நுனியை அல்ல, அடியை. உள்முட்கள் தட்டையாக அகன்று, அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிண்ணமாகியிருக்கும். அதைச் சுற்றி வெளியே மெல்லிய முட்கள் நிற்கும். ஊசியால் பிளந்தால் உள்ளே உமி மூடிய மணிகள் இரண்டு மூன்று கிடைக்கும். அவைதான் விதை, முள் அதற்கு உறை.

மெல்லிய முள் ஒன்றை நுனியிலிருந்து அடிநோக்கி நகத்தால் வருடினால் வழுக்கும், திருப்பி வருடினால் தடக்கும். பின்னோக்கிச் சாய்ந்த நுண்பற்கள் அதில் உண்டு. சுலபமாக ஏறியது இறங்க மறுப்பது அதனால்தான். காலில் ஏறினால் விரலால் நசுக்கிப் பிடிக்காமல் குறட்டாலோ சீப்பாலோ நேராக இழுத்தெடுங்கள்.

இதே இனத்தில் கொழுக்கட்டைப் புல்லும் உண்டு. அதன் கதிரில் இருப்பது மென்மையான மயிர், குத்தாது. நல்ல தீவனம், அவசரத்தில் அதையும் பிடுங்கிவிடாதீர்கள். உப்புவெளிக் கரையில் காற்றில் உருண்டோடும் பெரிய முட்பந்து இராவணன் மீசை. அது மணல்மேட்டைப் பிடித்து வைக்கும் புல், அதன் பாட்டில் இருக்கட்டும். (இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு உள்ள திருகோணமலையில் மீசையும் கிடப்பது பொருத்தம்தான்.)

ஆட்டுக்கு? கதிர் வருமுன் தாராளமாகப் போடலாம். காய் இறுகிய பிறகு வேண்டாம். வாயையும் நாக்கையும் புண்ணாக்கும். காய வைத்தாலும் முள் மெதுமையாகாது.

களைநாசினி அடிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். காய் முற்றிய பின் அடிப்பது காசுக்குக் கேடு: புல் சாகும், விதை மணலில் தங்கும். ஒரு காயிலுள்ள விதைகள் எல்லாம் ஒரே மழைக்கு முளைப்பதுமில்லை. அதனால் ஒரு வருடத்தில் முடியும் வேலை இது அல்ல. ஒக்டோபரில் மழை தொடங்கியதும் முளைப்பவற்றைக் கதிர் தள்ளுமுன் வேரோடு பிடுங்குங்கள். மணலில் சிரமமில்லாமல் வரும். மட்டமாக வெட்டி விடுவது போதாது, கட்டையிலிருந்து தணிவாகவே மறுபடி கதிர் விடும். இப்போது சிந்திக் கிடக்கும் காய்களுக்கு, ஈரச் சாக்கு ஒன்றை மணல்மேல் இழுத்துச் செல்லுங்கள். நிறைய ஒட்டிக்கொண்டு வரும். பசளைக் குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். சாரத்தில் ஒட்டியதைப் படலையடியில் தட்டிவிடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அடுத்த மாரியில் படலையடியில்தான் முதலில் முளைக்கும்.