ஹெட்போன்: கேளுங்கள், சொல்கிறேன்

ரேடியோ, டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து பழுது பார்த்து வருகிறேன். ஹெட்போன் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம். காதுவலி, சீழ் என்றால் மட்டும் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: இயர்போனில் ஒரு பக்கம்தான் கேட்கிறது. பின்னை வளைத்துப் பிடித்தால் இரண்டும் வருகிறது.

பதில்: நோயை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பின்னை ஒட்டிய இடத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. சற்று மேலே வெட்டிப் புதுப் பின் வைத்துப் பற்ற வைத்தால் சரியாகிவிடும். உள்ளே உள்ள மெல்லிய கம்பிகளின் மேல் பெரும்பாலும் வார்னிஷ் பூச்சு இருக்கும்; அதைச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது. பலர் தோற்பது அங்கேதான். இனி வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

கேள்வி: 1500 ரூபாய்க்குள் எது நல்லது?

பதில்: காதை உறுத்தாதது. அப்புறம், சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஹெட்போனைக் கண்டுபிடித்தவர் நத்தானியேல் பால்ட்வின், 1910. வினாடி வினாவில் இப்படி எழுதினேன். சரிதானே?

பதில்: மதிப்பெண் கிடைத்திருக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் அவர். வீட்டுச் சமையலறையில் செய்து கடற்படைக்கு அனுப்பினார். ஆளில்லாத பட்டறை, அதனால் பத்துப் பத்தாகத்தான் செய்து கொடுக்க முடிந்தது. ஆனால் 1895-லேயே லண்டனில் எலக்ட்ரோஃபோன் சேவைக்குச் சந்தா கட்டியவர்கள் நாடகத்தையும் இசையையும் தொலைபேசிக் கம்பி வழியாக இரு காதிலும் கேட்டார்களே!

கேள்வி (அதே திருச்சி வாசகர்): அது தாடைக்குக் கீழே தொங்கும் கருவி ஐயா, படம் பார்த்திருக்கிறேன். தலையில் மாட்டினால்தானே ஹெட்போன்?

பதில்: நல்ல பிடி. அப்படியானால் இப்போது காதுக்குள் சொருகுகிறோமே, அதை என்னவென்று சொல்வீர்கள்?

கேள்வி (மதுரை): இருவருமே தப்பு. 1881 பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அடேர் ஓபராவை இரண்டு ரிசீவரில் கேட்க வைத்தார்.

பதில்: கேட்க வைத்தார், ஆனால் ரிசீவர்களைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீரியோவுக்கு அவரைப் பாட்டன் என்று சொல்லலாம், ஹெட்போனுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு பால்ட்வின் பிடித்திருப்பது வேறு காரணத்துக்காக. அன்றைய வயர்லெஸ் கருவியில் சத்தம் கேட்டும் கேட்காமலும் வரும். பெருக்கிக் கொடுக்க வசதி கிடையாது. அந்த முணுமுணுப்பைப் பிடிக்கத்தான் கடற்படைக்காரர் காதில் மாட்டினார். நாம் பேருந்து இரைச்சலை அமுக்க மாட்டுகிறோம்.

கேள்வி: இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்கினேன். பக்கத்து வீட்டு நாய் குரைப்பது இன்னும் கேட்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. வெளிச்சத்தத்தை மைக் பிடித்து, அதற்கு நேரெதிர் அலையை உள்ளே விடும். மின்விசிறி, இன்ஜின் போல ஒரே சீராக ஓடும் அடித்தொனிக்கு அது நன்றாக வேலை செய்யும். குரைப்பு திடீரென்று வருவது, மேல்தொனியும் உண்டு. போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978-இல் சூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்பும்போது இன்ஜின் இரைச்சலால் எரிச்சலாகி, அங்கேயே கணக்குப் போடத் தொடங்கினார். விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வர 1989 ஆகிவிட்டது. நாய்க்கு யாரும் கணக்குப் போடவில்லை.

கேள்வி: 1500-க்குள் வயர் இல்லாதது?

பதில்: மேலே பார்க்கவும். சத்தம்!

கேள்வி: எந்த அளவு சத்தம் ஆபத்து?

பதில்: கேட்டதற்கு நன்றி, முதல் ஆளே நீங்கள்தான். 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லும் கணக்கு. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 100-க்குப் போனால் 15 நிமிடம். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் பாட்டு கேட்டால் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் பிள்ளை எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டு யாருடனும் பேசுவதில்லை.

பதில்: 1979-இல் வந்த முதல் வாக்மேனில், அதாவது கையடக்க கேசட் பிளேயரில், ஹெட்போன் துளை இரண்டு. ஆரஞ்சு நிறப் பொத்தானை அழுத்தினால் பாட்டு தணிந்து, எதிரில் இருப்பவர் பேச்சு மைக் வழியாகக் கேட்கும். தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று செய்தவர்களுக்கே தோன்றியது. பிற்பாடு அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். பிள்ளையிடம் இன்னொரு பக்கத்தைக் கேட்டு வாங்கி நீங்களும் மாட்டிப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): காதுக்குள் சொருகுவது இயர்போன். ஆகவே பால்ட்வின்தான்.

பதில்: சரி ஐயா, பால்ட்வின்தான். 1500 ரூபாய்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள், கடையைச் சாத்துகிறேன்.