சூரியன் மங்கியதா, கருவி மங்கியதா?

கேள்வி: ஏனுங்க, எஸ்.டி.ஓ., டைம்டு, சோஹோ மூணு செயற்கைக்கோளும் அளக்கிறது ஒரே சூரியனைத்தானே? அதீத புற ஊதாவுக்கு (ரொம்பக் குட்டை அலை கொண்ட புற ஊதா ஒளிக்கு) மூணும் மூணு எண்ணு சொல்லுதுங்க. எதை நம்பறது?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: மூன்றும் அளப்பது ஒன்றல்ல என்பதிலிருந்து தொடங்குங்கள். எஸ்.டி.ஓ.வின் ஈவ் கருவி 0.1 நானோமீட்டர் நுணுக்கத்தில் நிறமாலை, அதாவது அலைநீளம் வாரியாகப் பிரித்த ஒளியளவு, தருகிறது. டைம்டின் சீ கருவிக்கு அது 0.4. சோஹோவின் செம், 26 முதல் 34 நானோமீட்டர் வரை உள்ளதைச் சேர்த்து ஒரே எண்ணாக, அதுவும் ஃபோட்டான் எண்ணிக்கையாகத் தருகிறது. ஈவ் தருவது வாட் கணக்கு. முதலில் அலகை மாற்றுங்கள்.

பிறகு ஈவ் நிறமாலையை செம்மின் உணர்திறன் வளைகோட்டால் (எந்த அலைநீளத்தை அது எவ்வளவு உணர்கிறது என்ற கணக்கால்) பெருக்கிக் கூட்ட வேண்டும். 26–34ஐ அப்படியே வெட்டிக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. 30.4இல் உள்ள ஹீலியம் கோடு பட்டையின் நடுவில் இருப்பதால் பெரிதாகப் பாதிக்காது. 33.5இல் உள்ள இரும்புக் கோடு விளிம்பில் நிற்கிறது. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் அது வலுக்கும். அமைதியான ஆண்டில் ஒத்துப்போன இரண்டு தொடர்கள் உச்ச ஆண்டில் விலகினால் முதலில் இந்த விளிம்பைச் சந்தேகப்படுங்கள்.

பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்துக்கான திருத்தத்தையும் பாருங்கள். ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே தூரத்தால் மட்டுமே ஏறத்தாழ 7 சதவீதம் மாறும். சீ கருவி ஒரு சுற்றுக்குச் சுமார் 3 நிமிடம்தான் சூரியனைப் பார்க்கும். அந்த நேரத்தில் சூரியனில் தீப்பிழம்பு (ஃப்ளேர்) வெடித்திருந்தால் அந்த அளவீட்டை நீக்கிவிட்டுத்தான் நாள் சராசரி எடுக்க வேண்டும்.

கேள்வி: நம்ம பட்டறையில மைக்ரோமீட்டர் சரியா காட்டுதான்னு ஸ்லிப் கேஜ் (அளவு துல்லியமாத் தெரிஞ்ச எஃகுத் துண்டு) வச்சுப் பார்ப்போமுங்க. வானத்துல சுத்தற கருவிக்கு எதை வைக்கிறாங்க?
– லேத் பட்டறைக்காரர், பீளமேடு

பதில்: சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அங்கே ஸ்லிப் கேஜ், சின்க்ரோட்ரான் ஒளி, அதாவது வளையத்தில் மிக வேகமாகச் சுழலும் எலெக்ட்ரான்கள் உமிழும் ஒளி. அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கில் உள்ள சர்ஃப் 3 வளையத்தில் சுழலும் எலெக்ட்ரான்களின் ஆற்றல், எண்ணிக்கை, சுற்றுப்பாதையின் ஆரம் மூன்றும் தெரிந்தால் எவ்வளவு ஒளி வரும் என்று கணக்கிட்டே சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒளி முனைவாக்கம் கொண்டது (அதன் அலை பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும்), அதனால் கருவியை 90 பாகை திருப்பி மறுபடி அளக்க வேண்டும். ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரிக்கும் கீற்றணியில், 30 நானோமீட்டர் இடத்தில் 15 நானோமீட்டர் ஒளியின் இரண்டாம் வரிசை (இரு மடங்கு அலைநீளத்தின் இடத்தில் விழும் பிரதி) வந்து கலக்கும். எலெக்ட்ரான் ஆற்றலைக் குறைத்து, குட்டை அலைகளை அடக்கிப் பார்த்தால் எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

ஏவிய பிறகுதான் பெரிய சிக்கல். பசை, பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து கசியும் ஹைட்ரோகார்பன் ஆவி ஃபில்டரில் படியும். புற ஊதா பட்டதும் அது கரிப்படலமாக இறுகிவிடும். நீராவி இருந்தால் மெல்லிய அலுமினிய ஃபில்டரில் ஆக்சைடு வளரும். இரண்டும் ஒளியைக் குடிக்கும். தரவில் பார்த்தால் சூரியனே மங்கியது போலத் தெரியும். கருவிக்குள் உள்ள விளக்கு டிடெக்டரைத்தான் சோதிக்கும். ஃபில்டரும் கீற்றணியும் அந்தச் சோதனைக்குள் வராது. அதனால் அரிதாக மட்டும் திறக்கும் மாற்று ஃபில்டர் ஒன்றை வைத்து ஒப்பிடுகிறார்கள்.

அதுவும் போதாது. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸிலிருந்து, சின்க்ரோட்ரானில் சரிபார்த்த, அதே மாதிரியான இன்னொரு கருவியை ராக்கெட்டில் அனுப்புகிறார்கள். உச்சி சுமார் 300 கி.மீ., கிடைப்பது சில நிமிடத் தரவு. அதே நிமிடங்களில் செயற்கைக்கோள் அளந்ததோடு ஒப்பிட்டு, மீதமுள்ள காற்று உறிஞ்சியதைக் கழித்துத் திருத்துகிறார்கள். கருவி திரும்பியதும் மறுபடி சின்க்ரோட்ரானில் வைக்க வேண்டும். பறப்பதற்கு முன் பார்த்த அளவு பறந்தபோதும் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. ஈவின் 5–37 நானோமீட்டர் பிரிவு 2014 மே மாதம் பழுதானது. அதற்குப் பின் அந்தப் பட்டைக்கு இந்த ராக்கெட் தரவின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

கேள்வி: வீட்டு மொட்டை மாடியில யு.வி. மீட்டர் வச்சு இதை அளக்க முடியுங்களா?
– பள்ளி ஆசிரியர், திருப்பூர்

பதில்: முடியாது. கடையில் கிடைக்கும் சாதாரண மீட்டர் 280 நானோமீட்டருக்கு மேற்பட்டதைத்தான் காட்டும். அதீத புற ஊதா தரையிலிருந்து நூறு கி.மீ. உயரத்துக்கு மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மாணவர்களுக்குக் காட்ட, கனடாவின் பென்டிக்டனில் நாள்தோறும் அளக்கும், சூரியனிடமிருந்து 10.7 செ.மீ. அலைநீளத்தில் வரும் ரேடியோ கதிர்வீச்சின் எண்ணை ஈவ் தரவோடு ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் வரும் 27 நாள் சுழற்சி இரண்டிலும் தெரியும். தீப்பிழம்பு வரும் நாட்களை மட்டும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள், அங்கே இரண்டும் ஒத்துப்போகாது.