மியூடூ கேள்வி பதில்: எந்த கேம் என்று முதலில் சொல்லுங்கள்

போக்கிமான் கேம்களில் பிடித்துச் சண்டையிட வைக்கும் உயிரினங்களில் ஒன்றான மியூடூ பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் முதல் போக்கிமான் கேம்கள் வந்ததிலிருந்து எண் 150 இதற்குத்தான். ஆனால் விதிகள் கேம்களின் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒரு கேமில் மிகச் சரியான வழி அடுத்த கேமில் வீண் வேலையாகிவிடும். அதனால் கேட்கும்போதே எந்த கேம் என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ரெட் கேம் ஆடுகிறேன். எதையும் தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பாலை வேறு எதற்கோ வீசிவிட்டேன். இனி மியூடூவைப் பிடிக்கவே முடியாதா?

தாராளமாகப் பிடிக்கலாம் தம்பி. கேமின் முடிவில் வரும் எலீட் ஃபோரை வென்றதும் செருலியன் குகை வாசலில் நிற்கும் ஆள் விலகிவிடுவார். நகரத்துக்கு வடக்கே பாலத்தைத் தாண்டி, ஆற்றில் சர்ஃப் (நீரைக் கடக்கும் திறன்) போட்டுத் தெற்கே இறங்கினால் குகை வாசல். மியூடூ இருப்பது நிலத்தடித் தளத்தில், லெவல் 70. அதன் முன்னால் போய் நின்று, பேசுவதற்கு முன் சேவ் செய்யுங்கள். ரெட், புளூவில் அதை மயக்கமடைய வைத்துவிட்டால் திரும்ப வராது.

இப்போது கணக்கு. அல்ட்ரா பால் என்ற பந்தை வீசினால் கேம் 0 முதல் 150 வரை ஓர் எண்ணை எடுக்கும். எதிரி தூங்கிக்கொண்டோ உறைந்தோ இருந்தால் அதில் 25 கழியும். பக்கவாதம், விஷம், தீக்காயம் என்றால் 12 மட்டும். கழித்த பின் பூஜ்யத்துக்குக் கீழே போனால் உடனே மாட்டிக்கொள்ளும், வேறு சோதனையே கிடையாது. போகாவிட்டால் மிச்சம் மியூடூவின் பிடிப்பு எண்ணான 3-க்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கேம் எச்பியையே (மிச்ச உயிர்ச்சக்தி) பார்க்கிறது.

இதிலிருந்து வரும் விளைவைக் கவனியுங்கள். எந்தப் பாதிப்பும் இல்லாத மியூடூவின் எச்பியை எவ்வளவு குறைத்தாலும் ஒரு பந்துக்கு வாய்ப்பு 151-இல் 4, அதாவது 2.6 சதவீதம். தூங்கவைத்து, எச்பியில் கை வைக்காமலே வீசினால் சுமார் 17.5 சதவீதம். தூங்கவைத்து எச்பியை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்தால் 151-இல் 29, அதாவது 19.2 சதவீதம். அடித்துக் களைத்ததற்குக் கிடைக்கும் லாபம் இரண்டு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆகவே அடிக்கவே வேண்டாம், தூங்கவையுங்கள். 20 அல்ட்ரா பால் எடுத்துப் போனால் போதும். ஒன்று கேம் பணத்தில் 1,200, மொத்தம் 24,000.

கேள்வி: தூங்கவைக்கத்தான் பாராசெக்டை அனுப்பினேன். ஸ்போர் போடுவதற்குள் ஒரே அடியில் விழுந்துவிட்டது. எங்கே தப்பு?

பாராசெக்டின் லெவல் 50 பக்கம் இருந்திருக்கும். மியூடூவின் சைக்கிக் அடி அந்த லெவலில் அதைத் தாங்கவிடாது. மியூடூதான் வேகத்தில் முந்துவதால் ஸ்போருக்கு வாய்ப்பே வராது. வீனுசாரை அனுப்புவது இன்னும் மோசம், விஷ வகைக்கு அந்த அடி இரட்டிப்பாக விழும்.

இந்த வேலைக்குச் சரியானது எக்ஸிக்யூட்டர். அதுவும் சைக்கிக் வகை என்பதால் அடி பாதியாகக் குறையும். லெவல் 50-இல்கூட இரண்டு அடி தாங்கும். அதன் முந்தைய வடிவமான எக்ஸிக்யூட் சஃபாரி மண்டலத்தில் கிடைக்கும். அவசரப்பட்டு, அதை எக்ஸிக்யூட்டராக மாற்றும் லீஃப் ஸ்டோன் கொடுத்துவிடாதீர்கள். லெவல் 48-இல் ஸ்லீப் பவுடர் கற்ற பிறகு கொடுங்கள். அதன் துல்லியம் 75, ஆரம்பத்திலிருந்தே கையில் இருக்கும் ஹிப்னாஸிஸுக்கு 60தான்.

தூக்கம் 1 முதல் 7 சுற்று வரை நீடிக்கும். விழித்துக்கொள்ளும் சுற்றில் மியூடூ எதுவும் செய்யாது, அடுத்த சுற்றில் முதலில் அடிக்கும். அதனால் ஒவ்வொரு விழிப்புக்கும் ஓர் அடி வாங்கத்தான் வேண்டும். எச்பி ஏற்றும் ஹைப்பர் போஷன் கையில் இருக்கட்டும்.

தூக்கத்தைவிட நல்லது ஒன்று உண்டு: உறைதல். ஐஸ் பீம் பத்தில் ஒரு முறை எதிரியை உறையவைக்கும். ரெட், புளூ அடங்கிய முதல் தலைமுறையில் உறைந்தது தானாக உருகாது, நெருப்பு அடி பட்டால்தான் உருகும். உறைந்துவிட்டதென்றால் நிதானமாக ஒவ்வொரு பந்தாக வீசலாம்.

கேள்வி: ஹார்ட்கோல்டிலும் இதே வழிதானா சார்?

இல்லை. அங்கே சூத்திரமே வேறு, எச்பி நேரடியாகப் பெருக்கலில் வருகிறது. தூங்கும் மியூடூ மீது அல்ட்ரா பால் வீசினால், எச்பி முழுசாக இருக்கும்போது 1.6 சதவீதம், எச்பி 1 ஆகும்போது 4.7 சதவீதம். மூன்று மடங்கு வித்தியாசம். எச்பியை 1-க்குக் கீழே இறக்காத ஃபால்ஸ் ஸ்வைப் தெரிந்த ஒன்று கட்டாயம் வேண்டும். ஃபயர்ரெட்டுக்கும் இதே கணக்கு. ஃபயர்ரெட் வந்த மூன்றாம் தலைமுறை முதல் மியூடூவுக்கு பிரஷர் என்ற தன்மை உண்டு. நீங்கள் அதன் மீது போடும் ஒவ்வொரு மூவுக்கும் (சண்டைச் செயல்) பிபி (அதை எத்தனை முறை போடலாம் என்ற எண்) இரட்டிப்பாகக் கரையும். நீண்ட சண்டை என்பதால் பிபி நிரப்பும் ஈத்தர் எடுத்துப் போங்கள்.

குகை திறப்பதும் வேறுபடும். ஃபயர்ரெட்டில் செவீ தீவுகளில் ரூபி, சஃபையர் கற்கள் இரண்டையும் செலியோ என்பவரிடம் கொடுத்து முடித்திருக்க வேண்டும். ஹார்ட்கோல்டில் கான்டோ பகுதியின் எட்டு ஜிம் பேட்ஜும் வேண்டும்.

கேள்வி: பேய் வகை சைக்கிக்கை அடிக்கும் என்று கேமிலேயே சொல்கிறார்கள். என் கெங்கரின் லிக் மியூடூவை ஒன்றும் செய்யவில்லையே?

உங்கள் மேல் தப்பில்லை, கேமின் வகை அட்டவணையில்தான் தப்பு. முதல் தலைமுறையில் பேய் வகை அடி சைக்கிக் மீது இரட்டிப்பாக விழவேண்டியது, பூஜ்யம் என்று பதிவாகிவிட்டது. சரியாக இருந்திருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது. லிக்கின் வலிமை 20தான். கெங்கர் பாதி விஷ வகை என்பதால் மியூடூவின் அடி அதற்கு இரட்டிப்பு.

மிச்சம் இருக்கும் ஒரே பலவீனம் பூச்சி வகை. அங்கேயும் கையிருப்பு பரிதாபம்: லீச் லைஃப் 20, பின் மிசைல் ஒரு குத்துக்கு 14, ட்வின்நீடில் 25 வீதம் இரண்டு குத்து. ட்வின்நீடில் தெரிந்த பீட்ரில் விஷ வகை! 1996-இல் மியூடூவை யாராலும் அசைக்க முடியாமல் போனதற்கு அதன் திறன் எண்கள் ஒரு பாதிக் காரணம் என்றால், எதிர்க்க ஆயுதமே இல்லாதது மறுபாதி. 1999-இல் இரண்டாம் தலைமுறையில் டார்க், ஸ்டீல் வகைகள் வந்து, பேய் அடியும் சரிசெய்யப்பட்ட பிறகுதான் ஓரளவு சமன் ஆனது.

கேள்வி: நண்பனுடன் ரெட்–புளூ இணைத்து ஆடப்போகிறேன், மியூடூவுக்கு அனுமதி உண்டு. என்ன நான்கு மூவ்?

அம்னீசியா, ரிகவர், சைக்கிக், நான்காவதாக ஐஸ் பீம் அல்லது தண்டர்போல்ட். இதில் அம்னீசியாதான் உயிர்நாடி. முதல் தலைமுறையில் ஸ்பெஷல் என்பது ஒரே எண். தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் அதுவே. அம்னீசியா அதை ஒரே தடவையில் இரட்டிப்பாக்கும்.

நன்றாக வளர்த்த லெவல் 100 மியூடூவின் ஸ்பெஷல் 406. ஒரு அம்னீசியாவுக்கு 812. இரண்டாவதுக்கு 1,218 வரவேண்டும், ஆனால் கேமின் உச்சவரம்பு 999. எனவே மூன்றாவது அம்னீசியா வெறும் வீண், அந்தச் சுற்றில் அடியுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: முதல் தலைமுறையில் கிரிட்டிகல் அடி (தற்செயலாக விழும் பலத்த அடி) விழுந்தால் ஏற்றிவைத்த எண்கள் எல்லாம் கணக்கில் வராது, பழைய 406தான் எடுக்கப்படும். கிரிட்டிகல் வாய்ப்பு அடிப்படை வேகத்தை 512-ஆல் வகுத்தது. மியூடூவுக்கு 130, அதாவது நான்கில் ஒரு அடி. கிரிட்டிகல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் 999 என்பது 406-இன் இரண்டரை மடங்கு. ஆக இரண்டு அம்னீசியாவுக்குப் பிறகு கிரிட்டிகல் விழுந்தால் அடி குறைகிறது. எதிரியின் எச்பி விளிம்பில் இருக்கும்போது இதை மனதில் வைத்துக் கணக்கிடுங்கள்.

எச்பியை மீட்கும் ரிகவரிலும் ஒரு பள்ளம் உண்டு. முழு எச்பிக்கும் இப்போதைய எச்பிக்கும் வித்தியாசம் சரியாக 255 என்றால் ரிகவர் வேலை செய்யாது. முழு எச்பி 415 என்றால் 160-இல் நிற்கும்போது அதை அழுத்தாதீர்கள்.

அம்னீசியா லெவல் 81-இல்தான் வரும். 70-இலிருந்து 81-க்கு 2,35,551 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஐஸ் பீம் செலடன் கடையின் மொட்டைமாடிச் சிறுமிக்கு ஃபிரெஷ் வாட்டர் கொடுத்தால் கிடைக்கும், தண்டர்போல்ட் ஜிம் தலைவர் சர்ஜ் தருவார். அந்தக் கால டிஎம் (மூவ் கற்றுத்தரும் பொருள்) ஒரு தடவைதான் பயன்படும், ஏற்கெனவே வேறு எதற்கும் கொடுத்திருந்தால் தீர்ந்தது.

கேள்வி: அதே ஆட்டத்தில் எதிரில் மியூடூ வந்தால் எப்படி நிறுத்துவது?

முதல் அம்னீசியாவுக்கு முன்பே பக்கவாதம் தரும் தண்டர் வேவ். வேகம் 358-லிருந்து 89-க்கு இறங்கும், நான்கில் ஒரு சுற்று அசையாது. அடுத்து ஸ்னார்லாக்ஸின் செல்ஃப்டிஸ்ட்ரக்ட். அம்னீசியா உடல் தாக்குதலைத் தடுக்காது. ஆனால் எதிராளி சாதாரணத் தற்காப்பை ஏற்றும் பேரியர் வைத்திருந்தால் காத்திருக்காமல் முந்துங்கள்.

கேள்வி: மியூடூ உண்மையில் குளோனா? கேமில் "மியூ பெற்றெடுத்தது" என்று படித்தேன்.

சினபார் தீவின் பாழடைந்த மாளிகையில் கிடக்கும் குறிப்பேடுகளைத்தான் சொல்கிறீர்கள். நான்கு குறிப்புகள். ஜூலை 5: தென் அமெரிக்காவின் கயானாக் காட்டில் புதிய போக்கிமான் கண்டுபிடிப்பு. ஜூலை 10: அதற்கு மியூ என்று பெயர். பிப்ரவரி 6: மியூ பெற்றது, குட்டிக்கு மியூடூ என்று பெயர். செப்டம்பர் 1: அதன் மூர்க்கத்தை அடக்க முடியவில்லை. கேமின் போக்கிமான் விவரப் பட்டியலான போக்கிடெக்ஸோ மரபணுக்களைப் பிரித்துச் சேர்த்த சோதனை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மியூவின் மரபணுவை மாற்றியமைத்து உருவானது என்றுதான் பொருள் கொள்ள முடியும். அச்சுப் பிரதி அல்ல. அச்சுப் பிரதியாக இருந்தால் மியூவின் ஆறு எண்களும் 100, 100 என்று அப்படியே இருந்திருக்கும். மியூடூவின் மொத்தம் 680, சிறப்புத் தாக்குதல் மட்டும் 154.

1998 ஜூலை 18 அன்று ஜப்பானில் வெளியான முதல் திரைப்படத்தில் கதை வேறு மாதிரி: மியூவின் இமைமயிரிலிருந்து டாக்டர் ஃபூஜியின் குழு உருவாக்குகிறது. 2013 திரைப்படத்தில் வருவது இன்னொரு தனி மியூடூ. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தால் கதை குழம்பும்.

கேள்வி: எக்ஸ் கேமா, ஒய் கேமா? எந்த மெகா நல்லது?

மெகா என்பது சண்டையின்போது எடுக்கும் பலமான வடிவம். இரண்டுக்கும் திறன் எண்களின் மொத்தம் 780. மெகா ஒய் சிறப்புத் தாக்குதல் 194, வேகம் 140. மெகா எக்ஸ் தாக்குதல் 190, சைக்கிக்–ஃபைட்டிங் வகை. ஒய்க்குப் பூச்சி, பேய், டார்க் மூன்றும் வலிக்கும். எக்ஸுக்குப் பூச்சியும் டார்க்கும் சாதாரணமாகிவிடும், பதிலுக்கு ஃபிளையிங், ஃபேரி சேரும், பேய் அப்படியே. என் தேர்வு ஒய்தான், மியூடூ பிறந்ததே சிறப்புத் தாக்குதலுக்காக.

ஒரு எச்சரிக்கை: அந்தத் தலைமுறையில், மெகாவாக மாறும் சுற்றில் பழைய வேகமான 130தான் யார் முதலில் என்பதைத் தீர்மானிக்கும். 140-ஐ நம்பி முதல் சுற்றிலேயே திட்டம் போடாதீர்கள்.

சைஸ்ட்ரைக் என்ற மூவை மட்டும் நீக்கிவிடாதீர்கள். அது சிறப்புத் தாக்குதலால் அடித்து எதிரியின் சாதாரணத் தற்காப்பில் இறங்கும். பிளிஸி என்ற போக்கிமானின் சிறப்புத் தற்காப்பு 135, சாதாரணத் தற்காப்பு 10. மற்ற சிறப்பு அடிகள் மோதி நிற்கும் சுவரை இது ஒரு பக்கமாகச் சுற்றிப் போய்விடும்.

கேள்வி: போக்கிமான் கோ ரெய்டில் (கூட்டுச் சண்டை) நல்ல மியூடூ என்று எப்படித் தெரியும்? எவ்வளவு செலவாகும்?

பிடிக்கும் திரையில் சிபி (சண்டைப் பலம்) 2387 என்றால் தாக்குதல், தற்காப்பு, எச்பி மூன்றும் முழு 15–15–15. காற்று வீசும் வானிலையில் அது 2984. ரெய்டுக்குப் பிறகு லெவல் 20-லிருந்து 40-க்கு ஏற்ற 2,25,000 ஸ்டார்டஸ்ட், 248 மிட்டாய். 40-இல் முழு மியூடூவின் சிபி 4178. அதற்கு மேல் 50 வரை போக இன்னும் 2,50,000 ஸ்டார்டஸ்ட், 296 எக்ஸ்எல் மிட்டாய், முடிவில் 4724. இரண்டாவது சார்ஜ் மூவ் திறக்க 1,00,000 ஸ்டார்டஸ்ட், 100 மிட்டாய். மிட்டாய் குறைவாக இருந்தால் 40-இல் நிறுத்திவிட்டு இரண்டாவது மூவை முதலில் திறங்கள்.

கேள்வி: பழைய அட்டை விளையாட்டில் ஒரே ஒரு மியூடூவும் 59 எனர்ஜியும் வைத்து ஜெயிப்பார்களாமே, நிஜமா?

நிஜம்தான். முதல் தொகுப்பின் மியூடூ அட்டைக்கு எச்பி 60. பேரியர் என்ற அதன் தாக்குதலுக்கு இரண்டு சைக்கிக் எனர்ஜி இருக்க வேண்டும், ஒன்றைக் கழித்துவிட்டால் எதிராளியின் அடுத்த சுற்றில் எந்தத் தாக்குதலின் அடியும் பாதிப்பும் அதன் மேல் படாது. சுற்றுக்கு ஒரு எனர்ஜி வைக்கலாம், ஒன்று கழிகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. அடிப்படை எனர்ஜிக்கு நான்கு அட்டை வரம்பும் கிடையாது.

60 அட்டையில் ஒரே போக்கிமான் என்பதால் முதல் 7 அட்டையில் அது வருவது 11.7 சதவீதம்தான். வராத ஒவ்வொரு தடவையும் கலைத்து மறுபடி எடுக்க வேண்டும், அந்தக் கால விதிப்படி எதிராளி இரண்டு அட்டை வரை கூடுதலாக எடுக்கலாம். ஆசையில் எடுத்தால் அவருடைய கட்டு சீக்கிரம் தீரும். தீர்ந்தால் அவர் தோற்றார்.

உடைக்க வேண்டுமென்றால் கூடுதல் அட்டை ஒன்றையும் எடுக்காதீர்கள். மியூடூவிடம் இரண்டாவது எனர்ஜி சேருவதற்கு முன் அடித்துவிடுங்கள். பேரியர் ஓட ஆரம்பித்துவிட்டால் எனர்ஜியைப் பிடுங்கும் எனர்ஜி ரிமூவல் அட்டையைப் போடுங்கள். பேரியர் தடுப்பது தாக்குதல்களை மட்டும்தான், எனர்ஜி ரிமூவலை அல்ல. பழைய ஆட்டம் என்பதால், தொடங்கும் முன்பே, எந்தக் காலத்து விதிப்படி ஆடுகிறீர்கள் என்று எதிரில் இருப்பவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.