பக்கத்தோற்ற விமானப் படம்: நிழல் எங்கே விழ வேண்டும்?

கேள்வி: இரண்டாம் உலகப்போர் கால விமானங்களின் பக்கத்தோற்றத்தைக் கணினியில் வரைந்து பழகுகிறேன். கோட்டுப்படம் ஓரளவு நன்றாக வருகிறது. வண்ணமும் நிழலும் போட்டதும் விமானம் ஊதிய பலூன் மாதிரி ஆகிவிடுகிறது. நிழல் பட்ட இடமெல்லாம் அழுக்காகத் தெரிகிறது. இப்போது கையில் இருப்பது ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர்விமானம். எங்கே தவறுகிறேன்?

பதில்: பலூன் தோற்றத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் கறுப்பைத் தடவிவிட்டு நடுவை வெளுப்பாக விட்டிருப்பீர்கள். ஒரு இடத்தில் நிழல் எவ்வளவு என்பதை அங்கே தகடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. அது குறுக்குவெட்டில்தான் (உடலைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம்) தெரியும். எனவே பிரஷைத் தொடும் முன் அந்த விமானத்தின் வரைபடத்திலிருந்து மூக்கு, விமானி அறை, நடு உடல், வாலுக்குச் சற்று முன் என நான்கு இடங்களின் குறுக்குவெட்டை எடுத்து, படத்துக்குப் பக்கத்திலேயே தனி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் மேலிருந்து, பார்ப்பவர் பக்கமாக, 45 டிகிரி சாய்வில் விழுவதாக வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டு வட்டமாக இருந்தால் வெளிச்சத்தை நேராகப் பார்க்கும் இடம் மேல்விளிம்பிலிருந்து உயரத்தில் சுமார் 15 சதவீதம் கீழே வரும். நேரடி வெளிச்சம் தீர்ந்துபோகும் இடம் 85 சதவீதத்தில். உடலின் உயரம் 400 பிக்சல் என்றால் பளிச்சென்ற பட்டை 60-ஆவது பிக்சலை ஒட்டியும், ஆழ்ந்த நிழல் 340-ஐ ஒட்டியும் அமைய வேண்டும். மேல்விளிம்பு பளிச்சென்று இருக்காது. கணக்குப்படி அதற்கும் உடலின் நடுக்கோட்டுக்கும் ஒரே அளவு வெளிச்சம்தான். கீழ்விளிம்பும் அப்படித்தான், முழுக்க இருண்டுவிடாது. தரையில் பட்டுத் திரும்பும் ஒளி கடைசிச் சில பிக்சல்களைச் சற்றே தூக்கிக் காட்டும். புதிதாகப் பழகுபவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தக் கீழ் ஒளியைத்தான். அதைப் போட்ட நொடியில் உடல் உருண்டுவிடும்.

குறுக்குவெட்டு மாறினால் பட்டைகளும் இடம் மாறும். பக்கவாட்டுத் தகடு தட்டையாக இருந்தால் அது முழுவதும் ஒரே சாயல். மடிப்பு வரும் இடத்தில்தான் சட்டென்று மாற்றம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை உடலோடு சேரும் இடம் உள்வளைவு. அங்கே கணக்கு தலைகீழ்: தகடு கீழே போகப் போக வானத்தைப் பார்க்கிறது, ஆகவே கீழ்ப்பகுதிதான் வெளுக்க வேண்டும். இந்த ஒரு இடத்தைச் சரியாகப் போட்டாலே படம் பாதி தேறிவிடும். வாலிறக்கை உடல்மேல் போடும் நிழல் வேறு வகை, அதன் ஓரம் கூர்மையாக இருக்கட்டும். 2 அல்லது 3 பிக்சல் மங்கல் போதும்.

இனி அழுக்குக்கு வருவோம். அசல் வண்ணத்தின் மேலேயே பர்ன் கருவியால் (தேய்த்த இடத்தைக் கருமையாக்குவது) தேய்ப்பது, அல்லது சுத்தக் கறுப்பை நிழலாகப் பூசுவது, இரண்டில் ஒன்றைச் செய்திருப்பீர்கள். நிழலைத் தனி லேயரில், மல்டிப்ளை முறையில் (கீழுள்ள நிறத்தைக் கருமையாக்கும் கலப்பு) போடுங்கள். நிறம் நீலம் கலந்த கருஞ்சாம்பல்: சிவப்பு 40, பச்சை 45, நீலம் 60 என்ற அளவில். லேயரின் அடர்த்தி 35 முதல் 45 சதவீதம். வெளிச்சத்துக்கு ஸ்கிரீன் முறையில் (கீழுள்ள நிறத்தை வெளுப்பாக்கும் கலப்பு) இன்னொரு லேயர், லேசான மஞ்சள் கலந்த வெள்ளை, 15 முதல் 20 சதவீதம். சுத்தக் கறுப்பின் மேல் மல்டிப்ளை எதுவும் செய்யாது, சுத்த வெள்ளையின் மேல் ஸ்கிரீன் எதுவும் செய்யாது. எனவே கறுப்பு அடிவயிறு கொண்ட லங்காஸ்டர் போன்ற குண்டுவீச்சு விமானத்துக்கு 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையிலான அளவில் அடிப்படைக் கறுப்பை 35-லும், வெள்ளைப் பகுதிகளை 235-லும் நிறுத்துங்கள்.

லேயர் வரிசை கீழிருந்து மேலாக: அடிப்படை வண்ணம், உருமறைப்பு, சின்னங்களும் எழுத்துகளும், தகட்டுக் கோடுகள், நிழல், வெளிச்சம், கடைசியில் கறை. சின்னத்தை நிழலுக்கு மேலே வைத்தால் அது ஸ்டிக்கர் ஒட்டியது போல மிதக்கும். உடல், இறக்கை, வால், கண்ணாடிக்கூண்டு ஒவ்வொன்றையும் தனிக் குழுவாக்கி மாஸ்க் (வெளிப்பகுதியை மறைக்கும் மூடி) போட்டுவிட்டால் பிரஷ் எல்லை தாண்டாது. கிம்ப் என்ற வரைகலை மென்பொருளில் குழுவுக்கு மாஸ்க் போடும் வசதி 2.10 பதிப்பிலிருந்து இருக்கிறது. இதே வேலைக்கு ஃபோட்டோஷாப்பில் கிளிப்பிங் மாஸ்க், கிரிட்டாவில் இன்ஹெரிட் ஆல்ஃபா. சாயல் மாற்றத்தில் வரிவரியாகப் பட்டை தெரிந்தால் கோப்பை 16 பிட்டில் வேலை செய்து, 1 சதவீதம் நாய்ஸ் (சிதறிய நுண்புள்ளிகள்) சேருங்கள்.

தகட்டுக் கோடுகளுக்கு ஒரு கணக்கு. ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் நீளம் 9.12 மீட்டர். 1/32 அளவில் 28.5 செ.மீ.; அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்தால் கிட்டத்தட்ட 3,366 பிக்சல். அதாவது ஒரு பிக்சல் என்பது அசல் விமானத்தில் 2.7 மில்லிமீட்டர். தகடுகளுக்கு இடையிலான இடுக்கு அதைவிடக் குறைவு. ஆகவே 1 பிக்சல் கோடு, அதுவும் 40 சதவீத அடர்த்தியில், தாராளம். அதன் கீழே ஒட்டி 1 பிக்சல் வெளிர் கோடு இழுத்தால் இடுக்கு பள்ளமாகத் தெரியும். தெளிப்பானால் மென்மையாக அடித்த உருமறைப்பு ஓரம் 2.5 செ.மீ. அகலம் என்றால் 9 பிக்சல் மங்கல். வட்டச் சின்னம் உடலின் வளைவில் ஏறினால் மேலும் கீழும் லேசாக நசுங்கும். முழு வட்டமாக ஒட்டாதீர்கள்.

வண்ணத்துக்கு முதலில் காலத்தைப் பாருங்கள். 1940 கோடையின் ஸ்பிட்ஃபயர் என்றால் மேலே டார்க் எர்த் (பழுப்பு), டார்க் கிரீன் (கரும்பச்சை), அடியில் ஸ்கை (வெளிர்பச்சை). 1941 ஆகஸ்டுக்குப் பிறகு பழுப்பின் இடத்தில் ஓஷன் கிரே வருகிறது, அடியில் மீடியம் சீ கிரே. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை வைத்து நிறம் ஊகிப்பதில் ஒரு பொறி உண்டு: சிவப்பு ஒளியை உணராத ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் சின்னத்தின் மஞ்சள் வளையம் கருமையாக விழும். சிறிய படத்தில் அசல் பெயின்ட்டின் அடர்த்தி கனமாகத் தெரியும் என்பதால் செறிவை ஒரு 10 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம். இது என் ரசனை, விதியல்ல.

கறையில் கை தாராளமாகப் போக வேண்டாம். எக்ஸாஸ்ட் (புகைபோக்கி) குழாயின் வாயில் தொடங்கி, காற்று ஓடும் திசையில், 10 சதவீத ஃப்ளோவில் (பிரஷிலிருந்து நிறம் வழியும் அளவு) மூன்று நான்கு இழுப்பு. கறை முழுக்கக் கறுப்பாக இராது. ஈயம் கலந்த பெட்ரோல் வெளிர்சாம்பலும் பழுப்பும் கலந்த படிவை விடும். கண்ணாடிக்கூண்டுக்கு வான்நீலம் அடிக்கவே வேண்டாம். உள்ளே இருட்டு, இருக்கையின் முதுகு, மறுபக்கச் சட்டம் எல்லாம் தெரியட்டும். மேலே மெல்லிய இரண்டு வெள்ளைக் கீற்று போதும்.

கடைசியாக, கோட்டு லேயரை அணைத்துவிட்டு, படத்தைச் சாம்பல் நிறமாக்கி, 25 சதவீத அளவில் பாருங்கள். கோடில்லாமலே மூக்கு உருளையாகவும் இறக்கையின் சேர்க்கை பள்ளமாகவும் தெரிந்தால் நிழல் சரி. தெரியாத இடத்தில் கறையோ தகட்டு ஆணிகளோ கூட்டுவதில் பயனில்லை, குறுக்குவெட்டை மறுபடி எடுத்துவைத்து அந்தப் பட்டையை மட்டும் அழித்துப் போடுங்கள்.