ராஜினாமா கடிதம் எழுதிவிடாதீர்கள்

கேள்வி: தொண்டிப் பக்கம் அரசுடைமை வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருக்கிறேன். 23 வருட சர்வீஸ், பென்ஷன் திட்டத்தில் இருக்கிறேன். வங்கித் துறையிலிருந்து வந்து 2025-இல் கனடா பிரதமரான மார்க் கார்னியைப் பார்த்தபின் எனக்கும் துணிச்சல் வந்திருக்கிறது. அடுத்த எம்.பி. தேர்தலில் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நிற்க ஆசை. தேர்தல் தேதி அறிவித்ததும் ராஜினாமா செய்தால் போதும் என்கிறார்கள். சரிதானா?

பதில்: சரியில்லை. 2024-இல் மார்ச் 16 அன்று தேர்தல் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் மார்ச் 27. உங்கள் பணி விதியோ 3 மாத நோட்டீஸ் கேட்கிறது. நிர்வாகம் மனது வைத்தால் குறைக்கலாம். குறைக்கச் சொல்லி நீங்கள் உரிமையாகக் கேட்க முடியாது. கார்னிகூட இங்கிலாந்து வங்கியின் கவர்னர் பதவியை 2020-லேயே விட்டுவிட்டவர்.

அதைவிடப் பெரிய ஆபத்து பென்ஷனில் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு வங்கி ஊழியர் ஓய்வூதிய விதிகளில் 22-ஆவது விதிப்படி, ராஜினாமா செய்தால் பார்த்த சர்வீஸ் அத்தனையும் கணக்கில் வராது. 23 வருட உழைப்பை ஒரே கடிதத்தில் தொலைத்துவிடாதீர்கள். 20 வருடம் முடித்தவர் என்பதால், “29-ஆவது விதியின் கீழ் விருப்ப ஓய்வு கோருகிறேன்” என்று விதி எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள். கடிதத்தின் நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது நிலுவையில் இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

அப்புறம், தகுதி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 10-ஆவது பிரிவு, அரசுக்கு 25 சதவீதத்துக்குக் குறையாத பங்கு உள்ள நிறுவனத்தின் மேலாளர் போட்டியிட முடியாது என்கிறது. அது நிறுவனம் முழுவதையும் நிர்வகிப்பவரைத்தான் சொல்கிறது, கிளை மேலாளரை அல்ல என்று வாதாடலாம். நானும் அப்படித்தான் வாதாடுவேன். ஆனால் மனு பரிசீலனையன்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபணை எழுப்பும்போது அந்த வாதத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். மனுத்தாக்கலுக்கு முன்பே பணி விடுவிப்பு ஆணை கையில் இருக்கட்டும். அதுவரை மேடையேறுவதும் பிரச்சாரத் துண்டறிக்கை கொடுப்பதும் கூடாது. அதிகாரிகளின் நடத்தை விதிகள் தீவிர அரசியலைத் தடை செய்கின்றன.

மற்றவை எளிது. டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குப் பாதி. சுயேச்சை என்பதால் 10 பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேரும் இதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் மனைவி பெயரில் உள்ள நகை, வங்கியில் நீங்கள் வாங்கிய வீட்டுக்கடன் பாக்கி வரை எழுத வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நகைக்கடனுக்கும் படகுக் கடனுக்கும் வந்த மீனவர்களின் செல் நம்பர்கள் உங்கள் கிளைப் பதிவில் இருக்கும். பிரச்சாரத்துக்காக அதில் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். வாடிக்கையாளர் விவரத்தை ரகசியமாகக் காப்பது வங்கி தேசியமயச் சட்டம் விதித்த கடமை. ஓட்டு வேண்டுமென்றால் கடற்கரைக்கு நேரில் போய்க் கேளுங்கள்.