கேமரா கேள்வி பதில்: கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் விழுந்தால்

கேள்வி: ஐயா, என் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள) கேமராவுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். முகப் படங்களில் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கண் மங்கிவிடுகிறது. காது மடலின் பூனைமுடி மட்டும் எண்ணிவிடும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. மேசையில் அளவுகோலைச் சாய்த்து வைத்து எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஃபோகஸ் பின்னால்தான் விழுகிறது. லென்ஸை விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் லென்ஸ்மீது எனக்கு இன்னும் சந்தேகம் வரவில்லை; அந்தச் சாய்ந்த அளவுகோல்மீதுதான் வருகிறது. ‘பேக் ஃபோகஸ்’ (குறிவைத்த இடத்துக்குப் பின்னால் ஃபோகஸ் விழுவது) என்று புலம்பி வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் இந்த அளவுகோல் ஒன்று தவறாமல் இருக்கும்.

வியூஃபைண்டரில் தெரியும் சிறு கட்டம் வெறும் அடையாளம்தான். ஃபோகஸ் உணரி உண்மையில் பார்க்கும் பரப்பு பெரும்பாலும் அந்தக் கட்டத்தைவிடப் பெரியது. அளவுகோல் சாய்ந்திருக்கும்போது 14, 15, 16 என்று பல கோடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில், அந்தப் பரப்புக்குள் விழுகின்றன. நீங்கள் 15-ஐக் குறிவைத்தீர்கள் என்பது கேமராவுக்கு எப்படித் தெரியும்? எந்தக் கோடு அழுத்தமாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். பழி லென்ஸுக்கு.

ஆகவே குறி வேறு, அளவுகோல் வேறு என்று பிரித்துவிடுங்கள். கெட்டி அட்டையில் தடித்த கறுப்பு எழுத்துகள் உள்ள தாளை ஒட்டி, கேமராவுக்கு நேர் எதிரே செங்குத்தாக நிறுத்துங்கள். லென்ஸ் உயரமும் அட்டையின் நடுவும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அட்டையை ஒட்டினாற்போல், ஆனால் ஃபோகஸ் கட்டத்துக்குள் எட்டிப்பார்க்காதபடி, 30 செ.மீ. அளவுகோலை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அதன் 15-ஆம் கோடு அட்டையின் முகத்தோடு ஒரே தளத்தில் நிற்கட்டும். ஃபோகஸ் அட்டையில், தீர்ப்பு அளவுகோலில். படிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: சாய்வு காரணமாக, அளவுகோலில் 7 செ.மீ. விலகல் என்றால் உண்மையான ஆழத்தில் அது சுமார் 5 செ.மீ. தான்.

தூரம் எவ்வளவு? குவியத் தூரத்தைப் (லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்) போல் 25 முதல் 50 மடங்கு என்பது வழக்கம். உங்கள் லென்ஸுக்கு ஒன்றரை மீட்டர் வையுங்கள். அந்தத் தூரத்தில் எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் ஏறக்குறைய 9 செ.மீ.; அதைவிடச் சிறிய சென்சாரான ஏபிஎஸ்-சி என்றால் 6 செ.மீ. பிழை இருந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை. இன்னும் நெருங்கி, லென்ஸின் குறைந்தபட்ச தூரத்தில் சோதிப்பவர்கள் உண்டு. பிழை பளிச்சென்று தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே செய்த திருத்தம் முகப் படத் தூரத்தில் பொருந்தாமல் போகலாம். படம் எடுக்கும் தூரத்திலேயே சோதிப்பதுதான் நியாயம்.

கேமரா முக்காலியில் இருக்கட்டும். அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) முழுத் திறப்பு, நடு ஃபோகஸ் புள்ளி மட்டும், ஒற்றை ஃபோகஸ் முறை, டைமர். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் சில கேமராக்களின் ஃபோகஸ் சற்றே இடம் மாறும். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோகஸைக் கலைத்துவிட வேண்டும் என்பது முக்கியம். ஒரு முறை முடிவிலிக்கு, மறுமுறை மிக அருகுக்கு என்று மாற்றி மாற்றிக் கலைத்து, லென்ஸை மறுபடி தேடவிடுங்கள். இப்படிப் பத்துப் படமாவது வேண்டும். ஒரே படத்தை வைத்து ஒரு லென்ஸுக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது.

அடுத்து, எதையும் நகர்த்தாமல் லைவ் வியூவுக்கு (வியூஃபைண்டருக்குப் பதில் பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) மாறி, அதே அட்டையில் ஃபோகஸ் செய்து சில படங்கள் எடுங்கள். இதுதான் உங்கள் ஒப்பீட்டுப் படம். காரணம் இது: வியூஃபைண்டருக்குப் படத்தைக் காட்டும் கண்ணாடி கீழே இருக்கும்போது, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு சிறு கண்ணாடி ஒளியில் ஒரு பகுதியைக் கேமராவின் தரைப்பகுதியில் உள்ள ஃபோகஸ் உணரிக்கு அனுப்புகிறது. படம் விழுவதோ பின்னால் இருக்கும் சென்சாரில். இந்த இரு பாதைகளின் நீளமும் அணுவளவு பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்; பிசகினால் ஃபோகஸ் தப்பும். லைவ் வியூவில் படம் விழும் சென்சாரைக் கொண்டே ஃபோகஸ் சரிபார்க்கப்படுவதால் இந்தத் தகராறு இல்லை. செருப்பு கடித்தால் கோளாறு செருப்பிலா காலிலா என்று கேட்பது போலத்தான் இதுவும்: உங்கள் கேமராவில் தப்பும் அதே லென்ஸ் இன்னொரு கேமராவில் சரியாக இருக்கக்கூடும்.

இப்போது படங்களை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். லைவ் வியூ படங்கள் சரியாகவும், மற்றவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு பின்னாலும் விழுந்திருந்தால், அது நல்ல செய்தி. இதைத் திருத்தும் வசதி நிகானில் ‘ஏஎஃப் ஃபைன் டியூன்’, கேனனில் ‘ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற பெயரில் மெனுவில் இருக்கும். இரண்டிலும் கூட்டல் 20 முதல் கழித்தல் 20 வரை போகலாம். ஃபோகஸ் பின்னால் விழுகிறது என்றால் கழித்தல் பக்கம் நகர்த்துங்கள். முதலில் ஐந்து படி நகர்த்தி, மறுபடி எடுத்துப் பாருங்கள். தொடக்கநிலை கேமராக்கள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. அப்படியானால் கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸ் மையத்தில் கொடுங்கள். லென்ஸை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

படங்கள் ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று சரி என்று சிதறினால் மெனுவைத் தொடவே வேண்டாம். சராசரி போட்டு ஒரு எண்ணைக் கொடுத்தால், சரியாக விழுந்த படங்களும் கெடும். அது தேய்ந்த மோட்டாராகவோ பல்சக்கரமாகவோ இருக்கலாம். வெளிச்சம் போதாமலும் இருக்கலாம்.

எல்லாமே சரியாக விழுந்தால்? அப்போது நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, ஷட்டரைப் பாதி அழுத்தியபடி கேமராவைத் திருப்பிப் படத்தின் சட்டகத்தை அமைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை மீட்டரில் 15 டிகிரி திருப்பினால் தெளிவுத் தளம் கண்ணுக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தள்ளிப்போகும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள தூரமே ஐந்து விரற்கடைதான். போதாக்குறைக்கு எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் மூச்சுவிடுகிறார்கள், ஆடுகிறார்கள். ஓரப் புள்ளியைத் தேர்ந்து நேராகக் கண்ணில் வையுங்கள்.

கேள்வி: மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கும் இந்தச் சோதனையெல்லாம் தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. படம் விழும் சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது; பாதை ஒன்றே. அங்கே தப்புவது வேறு வகை: கண்ணைத் தேடும் வசதி மூக்குக்கண்ணாடியின் விளிம்பையோ இமைமுடியையோ பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: என் 24-70 மி.மீ. ஜூம் லென்ஸ் 24-இல் சரியாகவும் 70-இல் பின்னாலும் விழுகிறது. மெனுவில் எந்த எண்ணைக் கொடுப்பது?

பதில்: உங்கள் கேமராவின் மெனுவில் அகலமுனைக்கும் (24) நீளமுனைக்கும் (70) தனித்தனி எண் கேட்கிறதா என்று பாருங்கள். கேனனில் 2012-இல் வந்த 5டி மார்க் 3 போன்றவை கேட்கும். ஒரே எண்தான் என்றால் 70-க்கு உரியதைக் கொடுங்கள். 24-இல் தெளிவின் ஆழம் அதிகம் என்பதால் சிறு பிழையை அது விழுங்கிவிடும். லென்ஸ் சிக்மாவோ டாம்ரானோ என்றால் உங்களுக்கு யோகம் இருக்கலாம். சிக்மாவின் யுஎஸ்பி டாக், டாம்ரானின் டேப்-இன் கன்சோல் ஆகிய இணைப்புக் கருவிகளோடு சேரும் லென்ஸ்களில் கணினி வழியே திருத்தத்தை லென்ஸுக்குள்ளேயே எழுதலாம். சிக்மா ஜூமில் நான்கு குவியத் தூரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஃபோகஸ் தூரம் என்று 16 எண்கள். பொறுமைசாலிகளுக்கான வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும்.

கேள்வி: எஃப் 1.4-இல் துல்லியமாக விழும் ஃபோகஸ், எஃப் 2.8-இல் பின்னால் போகிறதே, ஏன்?

பதில்: கேமரா உங்களை ஏமாற்றவில்லை. டிஎஸ்எல்ஆர் முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்துவிட்டு, படம் எடுக்கும் கணத்தில்தான் துளையைச் சுருக்குகிறது. சில வேக லென்ஸ்களில் (துளை மிகப் பெரிதாகத் திறப்பவை) கோளப் பிறழ்ச்சி என்ற குறை மிச்சம் இருக்கும். விளிம்பு வழி வரும் கதிர்களும் மையம் வழி வருபவையும் ஒரே இடத்தில் கூடுவதில்லை. துளை சுருங்கியதும் விளிம்புக் கதிர்கள் வெட்டுப்பட்டு, தெளிவுத் தளம் நகர்ந்துவிடுகிறது. எஃப் 5.6-க்குப் போனால் ஆழம் கூடி இந்த நகர்வு மறைந்துவிடும். எஃப் 2-க்கும் 2.8-க்கும் நடுவில்தான் தொல்லை. எந்தத் துளையில் அதிகம் எடுக்கிறீர்களோ அந்தத் துளையில் சோதித்துத் திருத்துங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஓர் எண் கிடைக்காது.

கேள்வி: எந்தப் படத்தை எடுத்தாலும் வலது ஓரம் மங்கல். இதையும் மெனுவில் சரிசெய்யலாமா?

பதில்: முடியாது. இது ஆட்டோஃபோகஸ் விவகாரமே அல்ல. உள்ளே ஒரு கண்ணாடி வில்லை இடம் பிசகியிருக்கலாம். தொலைவில் உள்ள செங்கல் சுவரை நேராக ஒருமுறையும் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறையும் எடுங்கள். முதலில் சுவரின் வலப்பக்கம் மங்கி, தலைகீழாகப் பிடித்ததும் இடப்பக்கம் மங்கினால், குற்றவாளி கேமராவோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது. இன்னொரு லென்ஸை மாட்டியும் பாருங்கள். அதில் ஓரம் தெளிவாக இருந்தால், இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் மையத்துக்குப் போங்கள். வாயால் விளக்குவதைவிட வேலை சீக்கிரம் நடக்கும்.