சொல்லை மாற்றினால் போதுமா? ஆய்வேடு எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். நான் முதுகலை வரலாறு நடத்துகிறவள். அறிவியல் துறைகளின் தனி வழக்கங்களை அந்தந்தத் துறையில் கேளுங்கள்.

குடியாத்தம், விரிவுரையாளர்: மேடம், சொந்த நடையில் எழுது என்றால் பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

செய்துகாட்டுங்கள் சார். கோட்டை பக்கத்திலேயே இருப்பதால் நான் வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்வேன். ஒரு நூலின் வரி என்று வைத்துக்கொண்டு பலகையில் இப்படி எழுதுவேன்: "1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள், புதிய தலைப்பாகை உத்தரவாலும் சமயக்குறிகளுக்கு விதிக்கப்பட்ட தடையாலும் கொதித்தெழுந்தனர், ஆற்காட்டிலிருந்து வந்த கில்லஸ்பியின் குதிரைப்படை அன்றே அவர்களை ஒடுக்கியது."

பெரும்பாலும் திரும்பி வருவது: "1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைப் படைவீரர்கள், புதிய தலைப்பாகை ஆணையாலும் மதச்சின்னங்களுக்கு விதித்த தடையாலும் ஆத்திரமடைந்தனர்..." அதிகாலை விடியற்காலை ஆகிவிட்டது, உத்தரவு ஆணை ஆகிவிட்டது. வாக்கியத்தின் கட்டு அப்படியே நிற்கிறது. அடியில் நூலாசிரியர் பெயரைப் போட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்து, நூலை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லச் சொல்வேன். என்ன நடந்தது, எதனால், யார் அடக்கினார்கள்? சொன்னதை எழுத வேண்டும். அப்புறம்தான் நூலைத் திறந்து ஒப்பிடுவது. தேதியும் பெயரும் சரியா, ஆசிரியர் சொல்லாதது எதுவும் நுழைந்துவிட்டதா, அவருடைய சொற்றொடர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி எழுதும்போது இப்படி வரும்: "வேலூர்ச் சிப்பாய்களின் எழுச்சி ஒரு நாளுக்கு மேல் நிற்கவில்லை, ஆற்காட்டுக் குதிரைப்படையுடன் வந்து கில்லஸ்பி அடக்கிவிட்டார். தலைப்பாகையிலும் சமயக்குறியிலும் கைவைத்த உத்தரவுகளே காரணம் என்கிறார் ஆசிரியர்." கூடவே பெயர், ஆண்டு, பக்கம்.

வாயால் சொல்ல வராத பிள்ளைக்கு மூலமே புரியவில்லை. அவரை எழுதவைக்காதீர்கள், உட்காரவைத்து இன்னொரு முறை படித்துக்காட்டுங்கள்.

காட்பாடி, ஆய்வு மாணவி: மேடம், ஆய்வேட்டை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் 22 சதவீதம் ஒற்றுமை காட்டுகிறது. என் ஆய்வுப் பதிவு ரத்தாகுமா?

ஆகாதும்மா. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால்தான் பதிவு ரத்து. ஆனால் அந்த எண்ணைக் குறைப்பதற்காகத் திருத்தாதீர்கள். மென்பொருள் நிறம் போட்டுக் காட்டும் பத்தியைத் திறந்து, அது யாருடைய கருத்து என்று பாருங்கள்.

வாணியம்பாடி, மாணவர்: ஆங்கில நூலிலிருந்து நானே தமிழாக்கிய பத்திக்கும் குறிப்பு வேண்டுமா? மென்பொருள் பிடிக்கவில்லையே.

கட்டாயம் வேண்டும் தம்பி. மொழி உங்களுடையது, கருத்தும் வாதத்தின் வரிசையும் அவருடையவை. மென்பொருள் பிடிக்காததால் திருட்டு இல்லை என்றாகிவிடாது.

ராணிப்பேட்டை, மாணவி: தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி எழுதுகிறேன். கலைச்சொற்களையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். குரோமியம் குரோமியமாகவே இருக்கட்டும். பாலாற்று மாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்பது சட்டக் கோட்பாடு. அதைக் 'கெடுத்தவர் பணம் தரட்டும்' என்று மாற்றினால் பொருளே போய்விடும். தீர்ப்பின் வரி அப்படியே தேவைப்பட்டால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

ஆற்காடு, மாணவர்: 15 சதவீதம் பரவாயில்லையா?

காட்பாடி மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருவண்ணாமலை, தமிழ்ப் பேராசிரியர்: அம்மா, 'முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்' என்கிறது நன்னூல். முன்னோர் வாக்கை எடுத்தாள்வது நம் மரபு. மேற்கத்திய விதியை ஏன் பிள்ளைகள் மேல் சுமத்துகிறீர்கள்?

ஐயா, நீங்கள் காட்டிய வரியே எனக்குத்தான் சாட்சி. இது முன்னோர் மொழி என்று சொல்லிவிட்டுத்தானே போற்றுகிறார்? தொல்காப்பியத்தில் 'என்மனார் புலவர்', அதாவது 'என்று சொல்வர் புலவர்', என்று எத்தனை நூற்பா முடிகிறது! தான் சொல்வது எது, கேட்டுச் சொல்வது எது என்று அவர் பிரித்துக்காட்டுகிறார். அன்றைக்கு நூலைப் படித்தவர்கள் முன்னோர் நூற்பாவை மனப்பாடமாக அறிந்தவர்கள், பெயர் சொல்லாமலே தெரிந்துகொண்டார்கள். இன்றைக்கு என் மாணவி எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாள் என்பது அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

அதே பேராசிரியர்: அப்படியானால் பொழிப்புரை எழுதுவதும் குற்றமா?

இல்லை ஐயா, அதுதான் மிகச் சிறந்த பயிற்சி. செய்யுள் மேலே, உரை கீழே, எது யாருடையது என்று கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் துறைப் பிள்ளைகளிடம் உரைநடைக்கும் பொழிப்புரை எழுதவையுங்கள். என் வகுப்புக்கு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஆம்பூர், பள்ளி ஆசிரியை: பாடநூலில் உள்ளபடியே எழுதினால்தான் மதிப்பெண் என்று நாங்களே பழக்கிவிட்டு அனுப்புகிறோம் மேடம்.

உண்மைதான். அதனால்தான் முதல் பருவத்தில் இந்தத் தவறுக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை, திரும்ப எழுதவைக்கிறேன். உங்கள் வகுப்பில் வாரம் ஒரு பத்தியையாவது நூலை மூடிவிட்டுச் சொல்லவையுங்கள்.

அரக்கோணம், மாணவர்: மாற்றி எழுதித் தரும் இலவசச் செயலி எது நல்லது?

எதுவும் வேண்டாம். அது செய்வதும் சொல்லுக்குச் சொல் மாற்றும் வேலைதான், குடியாத்தம் பதிலில் இருக்கிறது.

சோளிங்கர், மாணவி: 12 சதவீதம் வந்திருக்கிறது...

மேலே பாருங்கள் அம்மா. சதவீதக் கேள்விகளுக்கு இனி பதில் இல்லை. பத்தியையும் மூலத்தையும் சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு மட்டும் அடுத்த முறை எழுதுகிறேன்.